பில் தரவைக் கணக்குப் பிரிவின் கையில் கொடுத்தது: நான்கு மாத வேலைக் குறிப்பு

ஜூன் முதல் தேதி காலையில் கணக்குப் பிரிவு அக்கா என் மேசைப் பக்கம் வரவே இல்லை. மாதம் பிறந்தால் பத்து மணிக்குள் வந்து, "தம்பி, பார்ட்டி வாரி நிலுவை எடுத்துக் கொடுத்துடுங்க" என்று கேட்பது அவருடைய வழக்கம். பதினொரு மணிக்கு நானே எழுந்து போய்ப் பார்த்தேன். நிலுவைப் பட்டியலை அவரே எடுத்து, அச்சிட்டு, வசூலுக்குப் போகும் பையன்களுக்குப் பகுதிவாரியாகப் பிரித்துக் கொடுத்து முடித்திருந்தார். அவரவர் கேட்கும் பில் தகவலை அவரவரே எடுத்துக்கொள்ளச் செய்யும்படி பிப்ரவரியில் தொடங்கிய வேலை இப்போதுதான் ஒரு வடிவத்துக்கு வந்திருக்கிறது என்பதால், வழியில் செய்த தவறுகள் மறப்பதற்குள் இதை எழுதி வைக்கிறேன்.

எங்களுடையது வாகன உதிரிபாக மொத்த வியாபாரம். அலுவலகம் அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும், கவுண்ட்டர் ஜி.பி. ரோட்டிலும், கோடவுன் மாதவரத்திலும் இருக்கின்றன. ஏறத்தாழ 55 பேர் வேலை செய்யும் இடத்தில் கணினி ஆள் நான் ஒருவன்தான். பில்லிங் மென்பொருள் போஸ்ட்கிரெஸ் 14 என்ற தரவுத்தளத்தின் மேல் ஓடுகிறது. அதில் 143 அட்டவணைகள் உள்ளன. பில்லின் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பதிவு வீதம் இருக்கும் அட்டவணையில் மட்டும் 38 லட்சம் பதிவுகள் சேர்ந்திருக்கின்றன. ஜனவரி மாதம் முழுவதும், யார் என்ன தகவல் கேட்டார்கள் என்பதை ஒரு 80 பக்க நோட்டில் குறித்து வந்தேன். மொத்தம் 97 கோரிக்கைகள் சேர்ந்தன. அவற்றில் 61, தேதியும் பார்ட்டி பெயரும் மட்டும் மாறி மாறி வந்த அதே ஐந்து கேள்விகள். இந்த நோட்டு இல்லாமல் தொடங்கியிருந்தால் 97-க்கும் தனித்தனியாக ஏதாவது கட்ட முயன்றிருப்பேன்.

முதலில் செய்தது எளிதானது, தவறானதும்கூட. தினமும் காலை ஆறு மணிக்கு ஐந்து சி.எஸ்.வி. கோப்புகள் (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்புகள்) தானாக உருவாகி, மின்னஞ்சலில் எல்லோருக்கும் போகும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். அவற்றை எக்செல் திறந்தவுடன் தமிழில் பதிந்திருந்த பார்ட்டி பெயர்கள் எல்லாம் புரியாத குறிகளாகத் தெரிந்தன. கோப்பின் தலையில் யு.டி.எஃப்.-8 என்ற எழுத்துக் குறியீட்டின் அடையாளமான மூன்று பைட்டுகளைச் சேர்த்ததும் அது சரியானது. அடுத்து, சரக்கோடு போகும் இ-வே பில்லின் 12 இலக்க எண்கள் சுருங்கிப் புள்ளி வைத்த எண்களாக மாறின. பூஜ்யத்தில் தொடங்கும் பார்ட்டி குறியீடுகள் அந்தப் பூஜ்யத்தை இழந்தன. இவற்றைவிட மோசமானது பாக எண். "12-05" என்றிருந்த புஷ் என்ற ஒரு சிறு பாகத்தின் எண்ணை எக்செல் தேதி என்று எடுத்துக்கொண்டது. மாதவரத்தில் இரண்டு பேர் அரை மணி நேரம் "12-மே" என்ற பாகத்தை ராக்கில் தேடியிருக்கிறார்கள். இத்தனையையும் சரிசெய்த பிறகும், காலை ஆறு மணித் தரவு மதியத்துக்குள் பழையதாகிவிட்டது. ஒவ்வொருவரும் தம் பிரதியில் குறிப்பு எழுதிச் சேமித்துக்கொண்டதால், மூன்றாவது வாரத்தில் யாருடைய கோப்பு உண்மையானது என்று கேட்கும் நிலை வந்தது. அந்த ஸ்கிரிப்டை நிறுத்தினேன்.

இரண்டாவது முயற்சியில் எனக்குக் கிடைத்த பாடத்தை நான் இன்றும் கொஞ்சம் வெட்கத்தோடுதான் நினைத்துப் பார்க்கிறேன். படிக்க மட்டும் உரிமை உள்ள ஒரு பயனரை உருவாக்கி, கணக்குப் பிரிவில் இரண்டு கணினிகளில், தரவுத்தளத்தைத் திறந்து பார்க்கும் டிபீவர் என்ற மென்பொருளை நிறுவி, நேரே பில்லிங் தரவுத்தளத்தோடு இணைத்துக் கொடுத்தேன். எழுதும் உரிமை இல்லாதபோது என்ன கெட்டுவிடப் போகிறது என்பது என் எண்ணம். யாராவது கை தவறி எதையாவது மாற்றிவிடக் கூடாதே என்ற கூடுதல் எச்சரிக்கையில், பரிவர்த்தனையை, அதாவது தரவுத்தளத்தில் ஒன்றாக நடக்கும் கட்டளைத் தொகுப்பை, தானாக முடிக்காத முறையில் டிபீவரை அமைத்தும் வைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை 7.40-க்கு, கடை மூடும் நேரம்தானே என்று பில் அட்டவணையில் ஒரு நெடுவரிசையைச் சேர்க்க முனைந்தேன். கட்டளை முடியவில்லை. ஒரு நிமிடத்தில் ஜி.பி. ரோட்டிலிருந்து தொலைபேசி வந்தது: எந்த பில்லும் போடமுடியவில்லை, கவுண்ட்டரில் ஆறு பேர் நிற்கிறார்கள். நடந்தது என்னவென்றால், மதியம் மூன்று மணிக்கு யாரோ டிபீவரில் ஒரு பட்டியலைப் பார்த்துவிட்டு அப்படியே திரையை விட்டுப் போயிருக்கிறார்கள். தரவைப் படிக்க மட்டும் செய்யும் செலக்ட் கட்டளைகூட அட்டவணையின் மேல் ஒரு மெல்லிய பூட்டைப் போடும். பரிவர்த்தனை முடியும்வரை அதை விடாது. நெடுவரிசை சேர்க்கும் என் ஆல்ட்டர் கட்டளைக்கோ அட்டவணை முழுவதும் தனக்கே வேண்டும் என்ற பூட்டு தேவை. அது அந்த மெல்லிய பூட்டு விடுபடுவதற்காகக் காத்து நின்றது. அதன் பின்னால் வந்த ஒவ்வொரு பில்லும் அதற்காக வரிசையில் நின்றது. இணைப்புகளின் பட்டியலில் பரிவர்த்தனைக்குள் சும்மா இருப்பதாகக் காட்டிய அந்த ஒரு இணைப்பைத் துண்டித்ததும் எல்லாம் ஒரே நொடியில் ஓடின. முழுவதும் ஒன்பது நிமிடம். நான் எச்சரிக்கை என்று நினைத்துச் செய்த அமைப்பே காரணம் என்பதைக் கண்டுபிடிக்க அதற்கு மேல் ஒரு மணி நேரம் ஆனது.

அன்றிரவே மூன்று எல்லைகளை வைத்தேன். அறிக்கைப் பயனரின் எந்தக் கேள்வியும் 2 நிமிடத்தைத் தாண்டினால் நிற்கும். பரிவர்த்தனைக்குள் 60 நொடி சும்மா இருந்தால் இணைப்பு அறுபடும். நான் அட்டவணையை மாற்றும்போது 3 நொடிக்குள் பூட்டு கிடைக்காவிட்டால் என் கட்டளையே விலகிக்கொள்ளும். இவை மூன்றும் போஸ்ட்கிரெஸில் முன்பே இருப்பவைதாம்; முதல் இரண்டும் வைக்கும் வரை வரம்பின்றி இருக்கும், மூன்றாவதும் அப்படியே.

அதோடு, அறிக்கை பார்ப்பவர்களை பில் போடும் இயந்திரத்திலிருந்து முழுவதும் பிரிப்பது என்று முடிவு செய்தேன். ரிச்சி தெருவில் ஒரு பழைய சிறிய மேசைக்கணினி 14,500 ரூபாய்க்குக் கிடைத்தது. கூடுதல் ரேம் 2,350. ஒரு சிறிய யூ.பி.எஸ். 3,100, ஆக 19,950 ரூபாய். மென்பொருளுக்குச் செலவில்லை. அதில் போஸ்ட்கிரெஸ் நகல் ஒன்றை அமைத்து, மூலத்தில், அதாவது பில் போடும் தரவுத்தளத்தில், நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் தொடர்ந்து அங்கே ஓடிவரும்படி செய்தேன். இது ஒரு பிற்பகல் வேலை.

நகலில் பெரிய அறிக்கைகளை ஓட்டினால், மீட்புப் பணியோடு முரண்படுவதால் ரத்து செய்யப்படுகிறது என்ற பொருளில் ஒரு பிழை வந்துகொண்டே இருந்தது. நகலில் ஒருவர் படித்துக்கொண்டிருக்கும் பழைய பதிவுகளை மூலத்திலிருந்து வரும் மாற்றம் அழிக்க வந்தால், போஸ்ட்கிரெஸ் இயல்பாக 30 நொடி பொறுத்துவிட்டுப் படிப்பவரை வெளியேற்றிவிடும். அந்தப் பொறுமையை 5 நிமிடமாக உயர்த்தினேன். யார் என்ன படிக்கிறார்கள் என்று நகலே மூலத்துக்குச் சொல்லும் வேறொரு வழியும் உண்டு. ஆனால் அது மூலத்தில் குப்பைப் பதிவுகளைத் தேங்க வைக்கும் என்பதால் வேண்டாம் என்று விட்டேன். அறிக்கை ஐந்து நிமிடம் பின்தங்கினால் எங்களில் யாருக்கும் நட்டமில்லை.

திரைக்கு, தரவைப் பட்டியலாகவும் படமாகவும் காட்டும் மெட்டாபேஸ் என்ற மென்பொருளைத் தேர்ந்தேன். கட்டற்ற பதிப்பு ஒரே ஜாவா கோப்பாக வருகிறது; 3000-ஆம் போர்ட்டில் திறந்துகொள்கிறது; உலாவி இருந்தால் போதும். ஆனால் அது தன் சொந்தக் குறிப்புகளை, அதாவது பயனர்களையும் சேமித்த கேள்விகளையும், எங்காவது எழுதி வைக்க வேண்டும். இயல்பாக அது பயன்படுத்தும் சிறிய உள்தரவுத்தளம் சோதனைக்கு மட்டுமே என்று அவர்களின் ஆவணமே சொல்கிறது. நான் அதைப் படித்தும் அலட்சியமாக இருந்தேன். யூ.பி.எஸ். வாங்கும் முன்பு ஒரு மின்தடையில் அந்தக் கோப்பு திறக்க மறுத்து, 11 கேள்விகள் போயின. பிறகு அதை நகல் போஸ்ட்கிரெஸிலேயே வைக்கலாம் என்று போனால், நகல் எதையும் எழுத விடாது என்ற எளிய உண்மை முகத்தில் அடித்தது. அதே இயந்திரத்தில் 5433-ஆம் போர்ட்டில் இன்னொரு தனி போஸ்ட்கிரெஸை ஏற்றி, மெட்டாபேஸின் குறிப்புகளை அங்கே குடிவைத்தேன்.

இனி வேலை முடிந்தது என்று நினைத்து, 143 அட்டவணைகளையும் அப்படியே காட்டினேன். விற்பனை மேலாளர் ஆர்வத்தோடு பில் தலைப்பு அட்டவணையையும் பொருள் அட்டவணையையும் இணைத்து, பில் தொகையைக் கூட்டி, பிப்ரவரி விற்பனை என்று ஒரு படம் போட்டார். ஒரு பில்லில் நான்கு பொருள் இருந்தால் அந்த பில்லின் மொத்தத் தொகை நான்கு முறை கூட்டப்படும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? ரத்து செய்த பில்களும், பாதியில் விட்ட பில்களும்கூட அதில் சேர்ந்திருந்தன. முதலாளி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு வித்திருந்தா நான் ஏன்யா இன்னும் அம்பத்தூர்ல உக்காந்திருக்கேன்?" என்றார். குற்றம் மேலாளருடையது இல்லை. நிலைக்குறியீடு 7 என்றால் ரத்து என்பது என் தலைக்குள் மட்டும் இருந்தது.

மார்ச் மாதத்தில் நான் கணினியைத் தொட்டதைவிட டீ குடித்ததுதான் அதிகம். இரண்டு பிற்பகல்கள், கணக்குப் பிரிவு அக்கா, விற்பனை மேலாளர், கவுண்ட்டர் பொறுப்பாளர், கோடவுன் மேற்பார்வையாளர் அண்ணன் ஆகிய நால்வரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, "இந்த மாத விற்பனை எவ்வளவு என்று கேட்டால் நீங்கள் எதைச் சொல்வீர்கள்?" என்று கேட்டேன். மேலாளருக்கு விற்பனை என்பது பதிவான ஆர்டர். கவுண்ட்டருக்கு அது வரியோடு கல்லாவில் சேர்ந்த தொகை. அக்காவுக்கு ஜி.எஸ்.டி. நீங்கலான பில் மதிப்பு, அதிலிருந்து கிரெடிட் நோட் (திரும்பிய சரக்குக்குப் போடும் வரவுச் சீட்டு) கழித்தது. அண்ணனுக்கு லாரியில் ஏறிய சரக்கு. முதலாளியிடம் தனியாகக் கேட்டபோது, வங்கியில் வந்து சேர்ந்த பணத்தைத்தான் அவர் விற்பனை என்கிறார் என்று தெரிந்தது. ஐந்து பேரும் இத்தனை ஆண்டுகளாக ஒரே சொல்லை ஐந்து பொருளில் சொல்லி, கணக்கு இடிக்கிறது என்று என் மென்பொருளைத் திட்டி வந்திருக்கிறார்கள்.

ஒரு பொருளை மற்றவர்கள்மேல் திணிக்காமல், ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் வைப்பது என்று ஒப்புக்கொண்டோம்: ஆர்டர் மதிப்பு, பில் மதிப்பு, நிகர விற்பனை, அனுப்பிய மதிப்பு, வசூல். "விற்பனை" என்று ஒற்றைச் சொல்லாக எந்தத் திரையிலும் வரக்கூடாது என்பது அக்கா வைத்த நிபந்தனை. அதிகம் வாக்குவாதம் நடந்தது திரும்பி வந்த சரக்கைப் பற்றித்தான். பிப்ரவரியில் விற்றது மார்ச்சில் திரும்பினால் எந்த மாதத்தில் கழிப்பது? மேலாளர் பிப்ரவரி என்றார். தன் இலக்கு மார்ச்சில் குறையக் கூடாதே. கிரெடிட் நோட் எந்த மாதத்தில் போடப்படுகிறதோ அந்த மாத ஜி.எஸ்.டி.ஆர்.-1 என்ற விற்பனை வரிப்படிவத்தில்தான் அது போகிறது என்றும், அதை அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்றும், முடிந்த மாதத்தின் எண் பிறகு நகரத் தொடங்கினால் தன்னால் எதையும் ஒப்பிட முடியாது என்றும் அக்கா சொன்னார். அவர் சொன்னபடியே எழுதினேன். மேலாளருக்காக, மூல பில்லின் மாதத்தைக் காட்டும் நெடுவரிசை ஒன்றை மட்டும் கூடுதலாக வைத்தேன்.

இந்த விளக்கங்களை வைத்துத் தரவுத்தளத்துக்குள் ஸ்கீமா என்ற தனிப் பகுதி ஒன்றில் ஒன்பது வியூக்களை, அதாவது அட்டவணை போலவே தெரியும் சேமித்த கேள்விகளை, எழுதினேன். அறிக்கைப் பயனருக்கு அந்த ஒன்பதைத் தவிர வேறெதுவும் தெரியாது. வியூ தன் உரிமையாளரின் அனுமதியில் ஓடுவதால், உள்ளே இருக்கும் அட்டவணைகளைப் படிக்கும் உரிமையை அந்தப் பயனருக்குக் கொடுக்க வேண்டியதில்லை. நகலில் எதையும் உருவாக்க முடியாது என்பதால் வியூக்களையும் பயனரையும் மூலத்தில் உருவாக்கினேன். அவை தாமாக நகலுக்கு வந்து சேர்ந்தன.

ஆசைப்பட்டு நெடுவரிசைகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்துப் பார்த்தேன். போஸ்ட்கிரெஸ் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டது, ஆனால் ஒரு பெயருக்கு 63 பைட்டுகள்தான் இடம்; தமிழில் எழுத்துக்கும் துணைக்குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனியாக மூன்று மூன்று பைட்டுகள் ஆகும். "வாடிக்கையாளர்_நிலுவைத்தொகை" என்று வைத்த பெயர் "வாடிக்கையாளர்_நிலுவைத" என்று வெட்டுப்பட்டு நின்றது. தரவுத்தளத்தில் சிறிய ஆங்கிலப் பெயரும், மெட்டாபேஸின் நிர்வாகப் பக்கத்தில் தமிழ்க் காட்சிப் பெயரும் என்று மாற்றிக்கொண்டேன். ஒவ்வொரு நெடுவரிசையின் விளக்கமும் அங்கேயே எழுதலாம்; மேசையில் ஒப்புக்கொண்ட வாசகங்களை அப்படியே அங்கே ஒட்டினேன்.

ஏப்ரல் முதல் வாரத்தில் அக்கா ஒரு வித்தியாசத்தைக் கண்டுபிடித்தார். ஏப்ரல் 1 அதிகாலையில் இணையம் வழியாக வந்த நான்கு ஆர்டர்கள் மார்ச் 31-இல், அதாவது போன நிதியாண்டில் நின்றன. நேரங்கள் எல்லாம் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் பதிவாகின்றன, நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே. பகல் நேர பில்களில் இது தெரியாது. நள்ளிரவிலிருந்து காலை ஐந்தரைக்குள் வருபவைதாம் முதல் நாளுக்கு நழுவும். மெட்டாபேஸில் அறிக்கை நேர மண்டலத்தை மாற்றினேன். ஒன்றும் நகரவில்லை, ஏனென்றால் அந்த நெடுவரிசை நேர மண்டலம் இல்லாத வகை. வியூவில் ஆசியா/கொல்கத்தா என்று ஒருமுறை சேர்த்தேன். நேரம் எதிர்த்திசையில் போய், இன்னும் அதிகமான ஆர்டர்கள் மார்ச்சுக்குள் விழுந்தன. மண்டலமில்லாத நேரத்துக்கு அந்தக் குறிப்பு, இதைக் கொல்கத்தா நேரமாக எடுத்துக்கொள் என்று பொருள்படும். முதலில் யு.டி.சி. என்று சொல்லி, அடுத்து கொல்கத்தா என்று மாற்றச் சொல்ல வேண்டும். இரண்டு முறை எழுதியதும் நான்கும் ஏப்ரலுக்கு வந்தன.

கொள்முதல் விலை விஷயத்தில் ஒரு நாள் பயந்தேன். விற்பனைப் பிரிவுக்கு லாப விகித வியூ தெரியக்கூடாது என்று மெட்டாபேஸில் ஒரு குழு அமைத்துத் தடுத்தேன். ஆனால் எல்லாப் பயனர்களும் இயல்பாகவே உள்ள பொதுக்குழுவிலும் இருக்கிறார்கள். இரண்டு குழுக்களின் உரிமைகள் வேறுபட்டால் அதிகமானதே செல்லும். ஒரு பையன் வந்து, "அண்ணே, இந்த பிரேக் பேட்ல நமக்கு இவ்வளவு நிக்குதா?" என்று கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. பொதுக்குழுவின் உரிமைகளை முழுவதும் எடுத்துவிட்டு, இந்தக் காவலைத் திரையின் பொறுப்பில் விடாமல் தரவுத்தளத்துக்கே இறக்கினேன்: லாப வியூவைப் படிக்க வேறொரு பயனர், மெட்டாபேஸில் அதே நகலுக்கு இரண்டாவது இணைப்பு, அது முதலாளிக்கும் அக்காவுக்கும் மட்டும். வாடிக்கையாளர் கைபேசி எண்கள் வியூவிலேயே கடைசி நான்கு இலக்கமாகச் சுருக்கப்பட்டன. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 வந்திருக்கும் காலத்தில், பட்டியலை எளிதாகப் பதிவிறக்கும் வசதியைக் கொடுத்துவிட்டு எண்களையும் முழுதாக வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மே மாதத்தில் இரண்டு சிறிய விபத்துகள். ஒரு ஞாயிறு இரவு ஒரு வியூவை நீக்கி மறுபடி உருவாக்கினேன். திங்கள் காலை அதைச் சார்ந்த திரைகள் எல்லாம் வெறுமையாக இருந்தன. நீக்கியதோடு கிராண்டும், அதாவது அதைப் படிக்கக் கொடுத்த உரிமையும், போய்விட்டது. இனி உருவாகும் வியூக்களுக்குத் தானாக உரிமை சேரும் கட்டளையை முன்பே ஓட்டியிருந்தேன்தான்; ஆனால் அது, கட்டளையை ஓட்டிய பயனர் உருவாக்குபவற்றுக்கு மட்டுமே செல்லும். நான் அதை நிர்வாகப் பயனராக ஓட்டிவிட்டு, வியூக்களை வேறு பயனராக எழுதியிருந்தேன். இன்னொன்று, தரவு எந்த நேரம் வரையிலானது என்று திரையின் மேல் காட்டும் அட்டை. நகல் கடைசியாக ஏற்ற பரிவர்த்தனையின் நேரத்தை அதில் வைத்திருந்தேன். விடுமுறை நாளில் யாரும் பில் போடாததால், நகல் சரியாக இருந்தும் அது பல மணி நேரம் பழையதாகக் காட்டியது. மூலத்தில் நிமிடத்துக்கு ஒருமுறை தன் நேரத்தைப் புதுப்பிக்கும் ஒற்றைப் பதிவை வைத்து, அதைக் காட்டுகிறேன்.

மறுபடி செய்வதாக இருந்தால் நோட்டுக்கு அடுத்த வேலையாக அந்த டீ மேசையை வைப்பேன். நகல் இயந்திரம் அதன் பிறகு. யாரும் தாமே கேள்வி கட்டும் வசதியை முதல் நாளிலேயே திறக்கவும் மாட்டேன். இப்போது தினமும் திறக்கப்படுபவை தேதியும் பார்ட்டியும் மட்டும் நிரப்பும் ஐந்து திரைகள்; கட்டும் பக்கத்தை அக்கா ஒருவர்தான் தொடுகிறார். மே மாத நோட்டில் 14 கோரிக்கைகள். அவற்றில் நான்கு, கடவுச்சொல் மறந்துபோனது.

கோடவுன் அண்ணன் மட்டும் இன்னும் தன் நீள நோட்டை விடவில்லை. போன வாரம் மாதவரம் போய், அவருடைய நோட்டையும் என் ஸ்டாக் திரையையும் பக்கத்தில் வைத்து, ராக்கில் 40 பாகங்களைக் கையால் எண்ணினோம். 33-இல் இரண்டும் பொருந்தின. மீதி ஏழில் ஐந்துக்கு அவருடைய நோட்டே சரி. அவை எல்லாம் ராக்கிலிருந்து எடுத்து வைத்து, இன்னும் பில் போடாத சரக்கு. எடுத்து வைத்த எண்ணிக்கைக்கு ஒரு நெடுவரிசை சேர்க்கும் வேலை வரும் வெள்ளிக்கிழமை, கடை மூடிய பிறகு, 3 நொடிப் பூட்டு எல்லையோடு.